அழுது முடியாத உப்பு

குறிஞ்சிப்பிட்டியில் இருந்து உப்புநீர்க் களப்புக்குப் போகும் மண்வீதியின் முடிவில் கரையோரக் கலமென்சவ்வு ஆய்வு நிலையம் இருக்கிறது. உடம்பில் கலங்கள் என்ற உயிரணுக்கள் கோடிக்கணக்கில் உள்ளன, ஒவ்வொரு கலத்தையும் சுற்றி மென்சவ்வு என்ற மெல்லிய தோல் உள்ளது, அந்தத் தோல் கெட்டால் நோய் வருகிறது என்று வாசல் பலகை மூன்று மொழிகளிலும் சொல்கிறது. மக்களுக்குச் சுலபமாக விளங்க வேண்டும் என்பதற்காகக் கட்டடத்தையே ஒரு கலம் போல முட்டை வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். மூலைகள் இல்லாததால் உள்ளே ஒரு அலுமாரியும் சுவரோடு ஒட்டி நிற்பதில்லை.

நல்ல மென்சவ்வு எல்லாவற்றையும் உள்ளே விடாது. ஆகவே நிலையத்துக்கும் மூன்று வாசல்கள் வைத்தார்கள். பெரிய வாசல் பிரமுகர்களுக்கு. சின்ன வாசல் உத்தியோகத்தர்களுக்கும் தேத்தண்ணிக்கும். மூன்றாவது வாசல் பொதுமக்களுக்கு. ஆனால் பொதுமக்கள் அதனூடாகத் தாங்களாகவே நுழைய முடியாது. சில பொருட்களை மென்சவ்வினூடாகத் தூக்கிக் காவிச் செல்லப் புரதங்கள் இருக்கின்றனவாம். அதேபோல ஆட்களை உள்ளே கூட்டிப் போகக் காவி உத்தியோகத்தர் என்று ஒருவன் இருந்தான். பெயர் முபாரிஸ். ஒரு தடவையில் ஒருவரைத்தான் காவுவான். பகல் சாப்பாட்டு நேரத்தில் யாரையும் காவமாட்டான்.

பெரிய வாசல் முதன்முதலாகத் திறந்த நாளில் நெய்னாரும் அங்கே இருந்தார். அவர் உப்பளத்தில் இருபத்திரண்டு வருடமாக உப்பு வாருகிறவர். நிலையத்தின் திட்டத்துக்கு ‘உள்ளூர் வளம், உலக ஆய்வு’ என்று பெயர். ஆகவே பரிசோதனைக்கு வேண்டிய உப்பையும் இந்த மண்ணில் இருந்தே எடுக்க வேண்டும் என்று பணிப்பாளர் பேராசிரியர் றிப்தி விரும்பினார். திறந்துவைக்க வந்த பிரமுகர் தன் கையாலேயே பக்கத்து உப்பளப் பாத்தியில் இருந்து உப்பை அள்ளி, நெய்னார் பிடித்திருந்த பித்தளைத் தட்டில் போட்டார். அன்று காலை வாரிய உப்பு. வெயிலில் அது கண்ணைக் கூசச் செய்தது.

“சேர், இது பச்ச உப்பு. இன்னம் அழுது முடியல்ல” என்றார் நெய்னார்.

உப்பளத்தில் வாரிய உப்பைக் குவித்து, தென்னோலைக் கிடுகால் மூடி, ஒரு மாரி கழியும்வரை விட்டுவைப்பார்கள். உள்ளே இருக்கும் கசப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து போகும். அதைத்தான் உப்பு அழுகிறது என்பார்கள். அழுது முடியாத உப்பைத் தராசில் வைப்பது எங்கள் பக்கத்தில் வெட்கக்கேடு.

பணிப்பாளர் அவரைப் பார்த்தார். “கொஞ்சம் அங்கால நில்லுங்க. படத்துல விழுறீங்க.”

நெய்னார் அங்கால நின்றார். உப்பை ஒரு கண்ணாடிப் பெட்டியில் இட்டு, மூடி, சிவப்புப் பட்டி கட்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் அதற்கு அழுது வடிய இடம் இருக்கவில்லை.

இரண்டு வருடம் போனது. நெய்னாரின் மகள் ஷஸ்னாவுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் போகும் வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழும்புவாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் கட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. ஊரில் மஞ்சள்காமாலை என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மஞ்சள் போகவில்லை. சிலாபம் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை இரத்தம் ஏற்றினார்கள்.

அங்கே இருந்த டொக்டர் மிஸ் சிங்களவர். யோசித்து யோசித்துத் தமிழ் கதைத்தார்.

“இரத்தத்துல சின்னச் சின்னச் சிவப்புக் கலம் இருக்கு. அதுக்கு ஒரு தோல். மகளுக்கு அந்தத் தோல் பலம் இல்லைன்னு நினைக்கிறேன். மண்ணீரல் அதைப் பிடிச்சு உடைக்குது. அப்படித்தான் என்றால் மண்ணீரலை எடுக்கலாம், பிள்ளை சுகமாகும். ஆனா நிச்சயம் தெரியாம வயித்தைத் திறக்க ஏலாது.”

“அது எப்படி மிஸ் தெரியிற?”

“உப்புத் தண்ணியில போட்டுப் பார்க்கிறது. வரிசையா குழாய், உப்பு குறைஞ்சு குறைஞ்சு போகும். நல்ல கலம் தாங்கும், கெட்ட கலம் முதல்லயே வெடிக்கும். பக்கத்துல சுகமான ஆள் ஒருத்தர்ட இரத்தமும் வைக்க வேணும், இல்லாட்டி அர்த்தம் இல்ல. வாப்பாவும் கொடுங்க. புது இரத்தத்துல செய்யணும், கொழும்புக்கு அனுப்பினா பழசாயிரும். உங்க ஊர்லயே பெரிய நிலையம் இருக்கு தானே. இந்த மாசம் முடியிறதுக்குள்ள ரிப்போட் கொண்டு வாங்க. சத்திரசிகிச்சை டொக்டர் வர்றது அப்பதான். அடுத்த தரம் எப்ப வருவார்னு தெரியாது.”

உப்பு என்றபோதும் நெய்னாருக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வரவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு மகளின் ஞாபகம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்றாவது வாசலில் நின்றார்கள். உள்ளே போவோர் பாதணிகளைக் கழற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. நெய்னார் வெறுங்காலோடு வந்திருந்தார். கழற்ற ஒன்றும் இல்லாதவரை உள்ளே விடச் சட்டத்தில் இடம் இல்லை என்றான் முபாரிஸ். பிறகு இரக்கப்பட்டுத் தன் செருப்பைக் கொடுத்தான். நெய்னார் அதைப் போட்டுக் கழற்றினார்.

ஷஸ்னாவை முதலில் காவினான். திரும்பி வந்து நெய்னாரைக் காவினான். உள்ளே பரிசோதனைத் தாளை நிரப்பும்போது அடுத்த தடங்கல் வந்தது.

“நானா, ஒரு தாள்ல மூணு பேர். மூணு பேரும் நிரம்பாம முத்திரை விழாது. காகிதச் சிக்கனம். பணிப்பாளர்ட உத்தரவு” என்றான் முபாரிஸ்.

“நாங்க ரெண்டு பேர் தானே, தம்பி.”

“அதான். மூணாவது ஆள் வரங்காட்டியும் இரிங்க.”

பதினொரு மணிவரை இருந்தார்கள். ஷஸ்னா கதிரையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கடைசியில், வெளியே சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு போன நுஸ்கியை நெய்னார் கூப்பிட்டார். நுஸ்கிக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. பெட்டியில் சூடை மீன் வெயிலில் கிடந்தது. இருந்தாலும் பிள்ளைக்காகச் செருப்பைக் கழற்றி, கையை நீட்டி, இரத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரு கிழமை கழித்து முடிவு வந்தது. ஷஸ்னா: மூன்றாம் தரப் பலவீனம். நெய்னார்: மூன்றாம் தரப் பலவீனம். நுஸ்கி: மூன்றாம் தரப் பலவீனம். மூன்றுக்கு மேல் தரம் இல்லை. அடியில் ஒரு குறிப்பு: ‘மேற்படி மூவரும் பிராந்தியச் சராசரிக்கு உட்பட்டவர்கள். கவலைப்படத் தேவையில்லை.’

“எனக்கு மூணாம் தரமாம். நேத்து வள்ளத்தத் தனியா கரைக்கு இழுத்தன். அப்ப மொதலாம் தரத்துக்காரன் கப்பல் இழுப்பானா?” என்றான் நுஸ்கி.

நெய்னாரின் மனைவி ஸாஜிதா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஷஸ்னாட வாப்பா, ஒங்களுக்கும் அவளுக்கும் ஒரே வருத்தமாம்.”

“அப்பிடித்தான் போட்டிரிக்கி.”

“அப்ப நீங்க ஏன் மஞ்சளாகல்ல?”

நெய்னார் தாளை எடுத்துக்கொண்டு சிலாபத்துக்குப் போனார். டொக்டர் மிஸ்ஸும் தாளைப் பார்த்துவிட்டு அதையேதான் கேட்டார். வாப்பா சுகமாக நிற்கிறார், அவருடைய கலமும் இப்படி வெடித்தால் இந்தப் பரிசோதனையை நம்ப முடியாது, சரியாகச் செய்து கொண்டு வாருங்கள் என்றார். மாதம் முடியப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

நெய்னார் மறுபடியும் காவப்பட்டார். இந்தத் தடவை ஆய்வுகூடம்வரை போக விட்டார்கள். அங்கே வேலை செய்த டெனிஷா தலவிலப் பக்கத்துப் பிள்ளை. படித்த அடக்கம் முகத்தில் இருந்தது. அவள் தராசுக்கு முன்னால் நின்று, ஒரு கரண்டியால் உப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நெய்னார் பார்த்தார். சிவப்புப் பட்டி. கண்ணாடிப் பெட்டி. இரண்டு வருடத்துக்கு முன் தான் தட்டில் பிடித்த அதே உப்பு, தன் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தது.

“மகள், இதுலயா எல்லாருக்கும் பார்த்த?”

“ஓம் மாமா. இருநூத்திப் பன்னிரண்டு பேருக்கும்.”

அவர் ஒரு பிடி அள்ளி, கையை இறுக்கிப் பொத்தினார். விரலிடுக்கால் தண்ணீர் வெள்ளைத் தரையில் சொட்டியது. டெனிஷா தரையைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், பிறகு குழாய் வரிசையைப் பார்த்தாள். எல்லாக் குழாயிலும் தண்ணீர் ஒரே சிவப்பாக இருந்தது. கலங்கள் தாங்கியிருந்தால் அவை அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிவாக நிற்க வேண்டும்.

“அப்ப நான் நிறுக்கிறது உப்பையா தண்ணியையா?”

“ரெண்டையும்தான்.”

“உப்பு குறைஞ்ச தண்ணியில நல்ல கலமும் வெடிக்கும்” என்றாள் அவள், மெதுவாக. சுத்தமான உப்பு ஒரு போத்தல் அலுமாரியில் இருப்பதாகவும், அலுமாரிப் பூட்டின் திறப்பை வைத்திருந்த களஞ்சிய உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போகும்போது திறப்பையும் கொண்டு போய்விட்டதாகவும் சொன்னாள். பூட்டை உடைக்க அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதியிருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இருவரும் பணிப்பாளரிடம் போனார்கள். பேராசிரியர் றிப்தி பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையான மனிதர். கூட்டங்களில் அதையும் சொல்வார்.

“இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய கலங்கள் வெடித்திருக்கின்றன. உப்புப் பிழை என்று சொல்வது நீங்கள் ஒருவர். விஞ்ஞானம் எந்தப் பக்கம் சாய வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.”

“சேர், பக்கத்துல சொகமான ஆள் ஒராள்ட ரத்தம் வெச்சுப் பார்த்தா வெளங்கும்னு டொக்டர் மிஸ் சொன்னாங்க.”

“வைத்தோமே. சுகமானவர்கள் என்று நினைத்து நூற்றைம்பது பேரை வைத்தோம். ஒருவரும் சுகமாக இல்லை. அதுதான் எங்கள் கண்டுபிடிப்பு.”

கண்டுபிடிப்பு உலகத்துக்குப் போக ஆயத்தமாக இருந்தது. அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது: கற்பிட்டிக் குடாநாட்டு மென்சவ்வு நலிவு. அடுத்த மாதத் தொடக்கத்தில் வெளிநாட்டில் ஒரு மாநாடு. பேராசிரியர் பேசப் போகிறார். அதற்கு முன்னேற்பாடாகப் பள்ளிவாசல், பாடசாலை, கூட்டுறவுக் கடை எங்கும் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். மூன்றாம் தரப் பலவீனம் உள்ளவர்கள் உப்புக்காற்று, வெயில், பாரம் தூக்குதல், கோபம், விமானப் பயணம் ஆகிய ஐந்தையும் தவிர்க்க வேண்டும். விமானப் பயணத்தைச் சேர்த்தது பணிப்பாளரே. மேலே காற்றழுத்தம் குறைவு, கலங்கள் தாங்கா என்றார். உப்பளத்து ஆட்கள் சுற்றறிக்கையை வாசித்துவிட்டு, அன்று விமானத்தில் போவதைத் தவிர்த்து, உப்பு வாரப் போனார்கள்.

மாநாட்டுக்கு முன் நிலையத்தின் இரண்டாவது ஆண்டு விழா வந்தது. பெரிய வாசல் இரண்டாவது தடவையாகத் திறந்தது. பணிப்பாளர் பேசினார்.

“ஆரோக்கியமான மென்சவ்வு என்றால் என்ன? தேவையற்றதை உள்ளே விடாதது. உள்ளே இருப்பதை வெளியே விடாதது. இந்த இரண்டு வருடத்தில் பொதுமக்கள் பரிசோதனை கேட்டுத் தந்த ஆயிரத்து நாற்பது விண்ணப்பங்களில் எண்ணூற்று இருபத்தெட்டை நாங்கள் உள்ளே விடவில்லை. எங்கள் ஆய்வு முடிவுகளில் ஒன்றுகூட ஆஸ்பத்திரிகளுக்குக் கசியவில்லை. சிலர் இதைக் குறை என்கிறார்கள். அவர்களுக்கு மென்சவ்வு விளங்கவில்லை.”

பிரமுகர்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற நெய்னாரும் தட்டினார். பக்கத்தில் நின்ற ஆள் தட்டச் சொன்னார்.

பிறகு செயல்முறை விளக்கம். மேடையில் குழாய் வரிசை. கண்ணாடிப் பெட்டிக்குப் புதுப் பட்டி. பரிசோதனை நோகாது என்று பிரமுகர்களுக்குக் காட்டப் பணிப்பாளர் தன் கையையே நீட்டினார். டெனிஷா இரத்தம் எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் துளித் துளியாக விட்டாள். தொகுப்பாளர் நேரத்தைப் போக்க வரலாறு சொன்னார். அரை மணி நேரத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

எல்லாக் குழாயும் சிவப்பு. மேடைக்குக் கீழே இருந்தும் தெரிந்தது.

“தரம்?” என்று கேட்டார் துணைப் பணிப்பாளர். அவர் பதினாறு வருடமாகத் துணை.

“மூன்று” என்றாள் டெனிஷா.

துணைப் பணிப்பாளர் சட்டைப் பையில் இருந்து சுற்றறிக்கையை எடுத்து, ஐந்தாவது விடயத்தை மட்டும் ஒலிவாங்கியில் வாசித்தார். பணிப்பாளரின் உடல்நலமே நிலையத்துக்கு முக்கியம் என்றும், மாநாட்டுக்கு அவருக்குப் பதிலாகத் தான் போகும் தியாகத்துக்கு ஆயத்தம் என்றும் சொன்னார். இந்த நோய் பேராசிரியருக்கு இங்கே வந்த பிறகுதான் தொற்றியிருக்க வேண்டும், இது மக்களோடு அவர் கொண்ட நெருக்கத்தைக் காட்டுகிறது என்று தொகுப்பாளர் சேர்த்தார்.

மறுநாள் முபாரிஸ் நெய்னாரின் வீட்டுக்கே வந்தான். கையில் ஒரு சோடிச் செருப்பு இருந்தது.

“நானா, பணிப்பாளர் கூப்பிடுறார். இன்டைக்கு சின்ன வாசலால வரச் சொன்னார்.”

“தேத்தண்ணி போற வாசலாலயா?”

“ஓம். ஒங்களுக்குப் பெரிய இடம்தான்.”

பேராசிரியர் றிப்தி கதவைச் சாத்திவிட்டு, நெய்னாரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். தானும் இருந்தார்.

“அன்றைக்கு நீங்க ஏதோ சொன்னீங்க. அழுது முடிஞ்ச உப்பு என்று.”

“ஓம் சேர்.”

“அது கிடைக்குமா?”

“முந்தின வருசத்துக் குவியல் இரிக்கி. கல்லு மாதிரி.”

“விஞ்ஞான ரீதியாக அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் உள்ளூர் அறிவை மதிக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஒரு சின்னப் பரிசோதனை. எனக்கு மட்டும். நாளைக்குள் முத்திரையோடு ஒரு அறிக்கை வேண்டும்.”

கதவருகில் நின்ற டெனிஷா தொண்டையைச் செருமினாள். “சேர், தாள்ல மூணு பெயர் நிரம்பாட்டி முத்திரை விழாது. உங்கட உத்தரவு.”

பணிப்பாளர் தன் உத்தரவைப் பற்றி யோசித்தார். அதை மாற்றுவதானால் சபை கூட வேண்டும். சபை கூடினால் துணைப் பணிப்பாளரும் வருவார்.

“சேர், நானும் மகளும் வாரோம். ரெண்டு பேர் ஆச்சு” என்றார் நெய்னார்.

அன்று பின்னேரம் கிடுகை விலக்கி, குவியலின் நடுவில் இருந்து ஒரு பை உப்பு எடுத்தார். கிடுகுக் கறை பட்டு அழுக்காகத்தான் இருந்தது. பிடித்துப் பார்த்தார். கையில் ஈரம் ஒட்டவில்லை. டெனிஷா கறைபட்டதைப் பொறுக்கி நீக்கி, மிச்சத்தை அடுப்பில் வறுத்து, இடித்து, நிறுத்தாள். மறுநாள் காலை மூன்று வரிசைக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

பணிப்பாளருடைய வரிசையில் கலங்கள் அடியில் சிவப்பாகப் படிந்து கிடந்தன. மேலே தண்ணீர் தெளிவாக நின்றது. கடைசியில், உப்பு மிகவும் குறைந்த குழாய்களில் மட்டும் சிவத்தது. நெய்னாரின் வரிசையும் அதேபோல. ஒரு விஞ்ஞானிக்கும் ஒரு உப்புக்காரனுக்கும் ஒரு குழாய் வித்தியாசம்கூட இல்லை.

ஷஸ்னாவின் வரிசை பாதிக்கு முன்னாலேயே சிவந்துவிட்டது.

நெய்னார் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் அவர் தேடியது இதைத்தான். கிடைத்தபோது உட்கார இடம் தேடினார்.

டெனிஷா தாளை இரண்டு பிரதிகளாக எழுதினாள். பேராசிரியர் றிப்தி: சாதாரணம். நெய்னார்: சாதாரணம். ஷஸ்னா: அசாதாரணம், உடனடி மருத்துவக் கவனிப்பு தேவை. முத்திரை மூன்று பெயருக்கும் குறுக்காகப் பெரிய வட்டமாக விழுந்தது. பணிப்பாளர் தன் வரியை மட்டும் வெட்டி எடுக்கக் கத்தரிக்கோல் கேட்டார். வெட்டினால் முத்திரை உடையும். உடைந்த முத்திரை செல்லாது என்பதும் அவருடைய உத்தரவுதான். ஒரு பிரதியை அவர் எடுத்துக்கொண்டார். மற்றதை நெய்னார் மடித்து மடியில் செருகினார்.

“அந்த இருநூத்திப் பன்னிரண்டு பேருக்கும் திரும்பப் பார்க்கட்டுமா சேர்?” என்று கேட்டாள் டெனிஷா.

“மாநாடு முடியட்டும்” என்றார் பணிப்பாளர்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நெய்னார் சிலாபத்துக்குப் போனார். டொக்டர் மிஸ் தாளை வாசித்தார். ஷஸ்னாவின் வரியில் கொஞ்ச நேரம் நின்றார். வாப்பாவின் வரிக்கு வந்து தலையாட்டினார். பிறகு மேலே போனார்.

“இது யார், பேராசிரியர்?”

“பக்கத்துல வெச்சுப் பார்க்க ஒரு சொகமான ஆள் வேணும்னு சொன்னீங்க தானே மிஸ். அதுக்குப் பிடிச்ச ஆள்.”

மிஸ் சிரிப்பை அடக்க வாயைக் கையால் மூடிக்கொண்டு சத்திரசிகிச்சைப் பட்டியலை எடுத்தார். கடைசி இடத்தில் ஷஸ்னாவின் பெயரை எழுதினார்.

பேராசிரியர் வெளிநாடு போய் வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய நோய் மாநாட்டில் நன்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. கண்ணாடிப் பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டினாராம். விமானத்தில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு நெய்னாருக்கு நிலையத்தில் இருந்து பதிவுத் தபால் வந்தது. அப்போது ஷஸ்னா வயிற்றில் தையல் தழும்போடு, வெள்ளைக் கண்களோடு, முற்றத்தில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். அவளேதான் வாசித்தாள்.

“‘இப்பிராந்திய மக்கள் அனைவரும் மென்சவ்வு நலிவு உடையோர் என்று உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கையில், தாங்கள் மட்டும் நலிவற்றவராகப் பதிவாகியிருப்பது அவதானிக்கப்பட்டுள்ளது. தாங்கள் ஏன் நோயாளி அல்ல என்பதற்கான எழுத்துமூல விளக்கத்தைப் பதினான்கு நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்.’”

“பேராசிரியர்ட பேரும் அந்தத் தாள்ல இரிக்கே. அவர்ட விளக்கத்த யாரு கேட்ட?” என்றாள் ஸாஜிதா.

“அவர் இந்த ஊர் ஆள் இல்லயே” என்றார் நெய்னார்.

“வாப்பா, என்ன எழுதப் போறீங்க?”

நெய்னார் எழுத்து வேலைக்குப் பழக்கப்பட்டவர் அல்ல. அவர் எழும்பி உப்பளத்துக்குப் போய், அன்று வாரிய உப்பில் இரண்டு பிடி அள்ளி வந்தார். ஷஸ்னா அதை அந்தக் கடிதத்திலேயே வைத்து மடித்து, நூலால் கட்டினாள். அவளே நடந்து போய், மூன்றாவது வாசலில் முபாரிஸிடம் கொடுத்தாள். வழியில் எங்கும் உட்காரவில்லை.

முபாரிஸ் பிரித்தபோது கடிதம் நனைந்து, மை கரைந்து, ஒரு எழுத்தும் மிஞ்சாமல் நீலமாக இருந்தது. அவன் கையைத் துடைத்தான். பிறகு பதிவேட்டை எடுத்து, நெய்னாரின் பெயருக்கு எதிரே எழுதினான்: எழுத்துமூல விளக்கம் கிடைத்தது.